பட்டிக்கு அடியில் இருப்பதுதான் உங்கள் வழக்கு

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு மீன் லோடு ஓட்டுகிறேன். சொந்த வண்டி, 2012 மாடல் பிக்கப். ஐஸ் தண்ணீர் ஊறி லோடு பாடியின் தளமும் கேபின் ஓரத் தகடும் துருப்பிடித்துவிட்டன. பல வருடப் பழக்கமுள்ள டிங்கரிங் பட்டறையில் விட்டேன். ‘துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, பெயிண்ட்’ என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்து 85,000 ரூபாய் வாங்கினார். ஏழே மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்து, தளத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கேட்கப் போனால் “மீன் தண்ணி ஓடுற வண்டி அப்படித்தான் ஆகும்” என்று நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசினார். இப்போது 30,000 தருவதாக ஆள் அனுப்புகிறார். எனக்கு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் நஷ்டம். மோசடிப் புகார் கொடுக்கலாமா? அடுத்த வாரம் வேறு பட்டறையில் வண்டியை விடப் போகிறேன். அந்தச் செலவையும் அவரிடமே வாங்க முடியுமா?

பதில்: அடுத்த வாரம் வண்டியை வேறு பட்டறையில் விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் பேசிய பேச்சு உங்களுக்கு வலித்திருக்கும், புரிகிறது. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் போடும் வழக்கில் அதற்கு இடமில்லை. பழைய பழக்கத்துக்கும் இல்லை. போலீஸ் புகாரும் வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி மோசடி என்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். வேலை மோசமாக இருந்தது என்பது மட்டும் அதற்குப் போதாது. ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுவார்கள். வண்டி இன்சூரன்ஸும் உதவாது. தேய்மானம் பாலிசியில் வராது, துருவை அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

சட்டத்தின் கண்ணில் உங்கள் விஷயத்தில் ஒரே கேள்விதான்: அவர் துருவை வெட்டினாரா, மூடினாரா? வெட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய தகட்டின் மேலேயே பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பசை) போட்டுப் பூசியிருந்தால் அது சேவைக் குறைபாடு. ஒழுங்காக வெட்டிப் புதுத் தகடு வைத்தும் உப்புத் தண்ணீரால் மறுபடி துருப்பிடித்திருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கான பதில் உங்கள் வண்டியின் பட்டிக்கு அடியில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

இதனால்தான் அடுத்த பட்டறை என்றதும் பதறுகிறேன். என்னிடம் ஒரு டெம்போக்காரர் வந்தார், உங்கள் கதையேதான். வரும்போதே வண்டியைப் பளபளவென்று சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் இரண்டாவது பட்டறையின் பில்லும், செல்போனில் நாலு படமும். கிரைண்டர் வைத்து எடுத்த பழைய தகடு அன்றைக்கே பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: “எங்கள் வேலையில் என்ன குறை இருந்தது என்று இப்போது எதைப் பார்த்து முடிவு செய்வது?” எங்களிடம் பதில் இல்லை. இரண்டாவது பட்டறைக்காரரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டோம், வரவில்லை. அதே தொழில், அதே தெரு, அவரைக் குறை சொல்லவும் முடியாது. நியாயம் கையில் இருந்தும் தோற்றோம். அதற்குப் பிறகும் இதே தவறோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சும்மா நிறுத்தி வைப்பதும் தப்பு. துரு உங்கள் வழக்குக்காகக் காத்திருக்காது. மூன்று மாதம் போனால் பட்டியும் உதிர்ந்து, அடியில் என்ன இருந்தது என்பதே தெரியாமல் போகும். ஆகவே உடனே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில், இன்ன தேதியில் இன்ன இடத்தில் வண்டிச் சேதத்தை மதிப்பிடும் லைசென்ஸ் பெற்ற மோட்டார் சர்வேயர் முன்னிலையில் பட்டியைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வந்து பார்க்கலாம் என்று எழுத வேண்டும். அவர் வராவிட்டால் அது அவர் பாடு. பிரிப்பதற்கு முன்பு காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. அதை வீடியோ எடுங்கள். பிறகு பிரிக்கப் பிரிக்கப் படம். எடுத்த தகட்டைத் தேதி எழுதி சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவுப்படி அந்தப் படங்களுக்குச் சான்று தர வேண்டியிருக்கும். பிரிக்காமலே முதலில் மனு போட்டு, ஆணையத்தின் மூலம் நிபுணர் ஆய்வு கேட்கவும் வழி உண்டு, ஆனால் நாளாகும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போனபோது தளத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். வெளியாள் கொடுத்த காகிதம், நல்ல எடை உள்ளது.

இன்னொன்று, நாளொன்றுக்கு 4,000 நஷ்டம் என்று மனுவில் எழுதாதீர்கள். நுகர்வோர் சட்டப்படி, வியாபாரத்துக்காகச் சேவை பெறுகிறவர் நுகர்வோர் அல்ல. தன் பிழைப்புக்காகத் தானே உழைப்பவருக்கு மட்டும் விலக்கு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், 1995-ல், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் பரவாயில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுக்க வேறு ஆள் ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் எழுதும் பெரிய நஷ்டக் கணக்கை எதிர்த்தரப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும். “நானே ஓட்டுகிறேன், இதுதான் என் குடும்பப் பிழைப்பு” என்பது மனுவின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். மனு போடக் காலவரம்பு இரண்டு வருடம். ஓட்டை விழுந்த நாளைக் கணக்கில் எடுக்காமல், வண்டியை டெலிவரி எடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். சட்டம் மூன்று மாதத்தில், ஆய்வு வேண்டுமானால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிவது அரிது. பழைய வண்டி, ஏழு மாதம் ஓடியிருக்கிறது, மீன் தண்ணீர் ஓடுவதும் உண்மை. முழு 85,000-மும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 30,000 குறைவு. சர்வேயர் அறிக்கை கைக்கு வந்ததும் 50,000 கேளுங்கள், 45,000-க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். “திரும்பச் செய்து தருகிறேன்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே கை, அதே பட்டி, கூடவே உங்கள் ஆதாரமும் போய்விடும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் ‘இனி கோரிக்கை ஏதுமில்லை’ என்ற தாளில் கையெழுத்து.

கேபின் ஓரத்திலோ சேஸிஸிலோ துரு உள்ளே ஏறியிருந்தால், ஆய்வு முடிந்து சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம். தளம் மட்டும்தான் என்றால் மேலே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள்.