பகலில் வேலை, மாலையில் படிப்பு: மருத்துவத் துறைக்குள் வர நினைப்பவர்களுக்கான கேள்வி பதில்

ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருந்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள் நான். இப்போது மாலை நேரத்தில் கோடிங் சொல்லித்தருகிறேன். இந்த இரண்டைப் பற்றியும் விரிவாகப் பேச முடியும். நர்சிங், பார்மசி என்றால் விதிமுறை அளவுக்குத்தான் சொல்வேன்.

திருப்பூர், பி.எஸ்சி. விலங்கியல்: அக்கா, பனியன் கம்பெனியில கணக்கு பாக்குறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் நேரம். கோடிங் வீட்ல இருந்தே படிக்க முடியுமா? இங்க ஒரு சென்டர்ல 45,000 கேக்குறாங்க.

முடியும் தங்கச்சி. நோயாளியைத் தொடாத வேலை இது. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, அமெரிக்கக் காப்பீட்டுக்கான குறியீடாக மாற்ற வேண்டும். விலங்கியல் படித்தவர் என்பதால் உடற்கூறு உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். சென்னை கம்பெனிகள் பலவும் உயிரியல் அல்லது பாராமெடிக்கல் பட்டம்தான் கேட்கின்றன, அதுவும் உங்களிடம் இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம் குறியீட்டுப் பட்டியலும் அதன் விதிமுறைத் தொகுப்பும் அமெரிக்க அரசுத் தளத்தில் இலவசம். சிகிச்சைகளுக்கான சிபிடி புத்தகத்துக்குத்தான் காசு, ஏனென்றால் அதன் உரிமை அமெரிக்க மருத்துவச் சங்கத்திடம் இருக்கிறது. முதல் சில மாதம் உடற்கூறு, மருத்துவச் சொற்கள், ஐசிடி விதிமுறைகள் மூன்றையும் செலவில்லாமல் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் சென்டருக்குப் போகலாம்.

பழைய புத்தகம் மட்டும் வாங்காதீர்கள். ஐசிடி ஒவ்வோர் அக்டோபர் 1-லும், சிபிடி ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். என் வகுப்பில் முதல் வாரமே கொடுக்கும் கேஸ் ஒன்று சொல்கிறேன். மருத்துவர் தனித்தனி வரியில் எழுதியிருப்பார்: டைப் 2 சர்க்கரை, ரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரக நோய் மூன்றாம் நிலை. புதிதாக வருபவர் அந்த மூன்றுக்கும் தனித்தனியாக ஈ11.9, ஐ10, என்18.3 என்று போடுவார். மூன்றுமே தப்பு. சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்து இருந்தால், மருத்துவர் மறுத்து எழுதாதவரை தொடர்பு உண்டு என்றே விதிமுறை கொள்ளச் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் அப்படியே. எனவே முதல் இரண்டும் சிறுநீரக நோயோடு சேர்ந்த குறியீடுகளாகி ஈ11.22, ஐ12.9. மூன்றாவதான என்18.3, 2020 அக்டோபரிலேயே மூன்றாகப் பிரிந்துவிட்டது. பிரிவு எதுவென்று மருத்துவர் சொல்லாததால் என்18.30. பாதி விலைக்குக் கிடைக்கும் 2019 புத்தகத்தில் இது இருக்காது.

டெமோ வகுப்பில் இதே கேஸைக் கொடுத்துப் பாருங்கள். விதிமுறையைத் திறந்து காட்டி விளக்கினால் அந்த ஆசிரியருக்குப் பணம் கொடுக்கலாம்.

ஈரோடு: சென்டர் சர்டிபிகேட்டே போதுமா, சிபிசி எழுதணுமா?

சிபிசி எழுதுங்கள். அமெரிக்கக் கோடர்கள் அமைப்பான ஏஏபிசி நடத்தும் கோடிங் தேர்வு: 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வேண்டும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதனால் மனப்பாடம் உதவாது, புத்தகத்தைப் புரட்டும் வேகம்தான் உதவும். அனுபவம் இல்லாதவருக்கு முதலில் சிபிசி-ஏ (பயிற்சி நிலை) என்றுதான் கிடைக்கும், அதோடும் வேலை உண்டு. உறுப்பினர் கட்டணம், தேர்வுக் கட்டணம், அந்தந்த ஆண்டுப் புத்தகம் மூன்றும் சென்டர் சொல்லும் தொகைக்குள் வருகிறதா என்று எழுதி வாங்குங்கள்.

கும்பகோணம், பி.காம்: எனக்கு கோடிங் வருமா மேடம்?

படித்தால் வரும், ஆனால் வேலைக்கு எடுக்கும் இடம் குறைவு. பில்லிங் (காப்பீட்டுக்குப் பில் அனுப்புவது), ஏஆர் காலிங் (வராத பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் போனில் கேட்பது) பக்கம் பாருங்கள். அங்கே பி.காம் எடுப்பார்கள். ஏஆர் காலிங் அமெரிக்க நேரத்துக்கு ஓடும் ராத்திரி வேலை. வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

திண்டுக்கல், மெடிக்கல் ஷாப் ஊழியர்: எட்டு வருஷமா மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். டி.பார்ம் தபால்ல முடிக்க வழி இருக்கா?

இல்லை தம்பி. இரண்டு வருடக் கல்லூரி, அதற்கு மேல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. தபாலில் தருவதாகச் சொல்பவரிடம் “எந்த கவுன்சிலில் பதிவாகும்?” என்று கேளுங்கள்.

தாம்பரம், இல்லத்தரசி: நர்சிங் கரஸ்ல?

கிடையாதும்மா. ஏஎன்எம், ஜிஎன்எம் என்ற நர்சிங் படிப்புகள், பி.எஸ்சி. நர்சிங் எல்லாமே நேரில் போய், வார்டில் நின்று படிப்பவை. கரஸ் சான்றிதழை நர்ஸஸ் கவுன்சில் பதிவு செய்யாது. வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்றால் ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட் (நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர்) பயிற்சி இருக்கிறது. அதிலும் மருத்துவமனையில் பயிற்சி கட்டாயம்.

வேலூர்: எம்.எஸ்சி. சைக்காலஜி தொலைநிலையில சேரலாம்னு இருக்கேன்.

யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, ஊட்டச்சத்து உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தத் தடை விதித்துவிட்டது. “இன்னும் சீட் இருக்கு” என்று போன் வந்தால் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

சேலம்: லேப் டெக்னீசியன் டிப்ளமோ டிஎம்எல்டி, போஸ்டல்ல ஒரே வருஷம், 18,000 தான். என் மச்சான் அப்படித்தான் படிச்சு லேப்ல வேலை பாக்குறாரு. நீங்க எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு சொன்னா ஏழைங்க எங்க போறது?

கோபம் புரிகிறது. உங்கள் மச்சானைக் குறை சொல்லவில்லை. அந்தச் சான்றிதழை விற்றவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். சின்ன லேப் சம்பளம் கொடுக்கும். அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும் அன்று தான் அது செல்லாது என்று தெரியவரும். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் லேப் வேலையையும் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது.

சேலம்: சட்டத்தை விடுங்க. இப்ப எல்லாம் மெஷின்தானே பண்ணுது? ஆறு மாசத்துல யாரும் கத்துக்கலாம்.

இதைச் சும்மா விட முடியாது. மெஷினுக்கு ரத்தம் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று தெரியாது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்க இருக்கும் ஈடிடிஏ, ஒரு பொட்டாசியம் உப்பு. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகும்? பொட்டாசியம் தாறுமாறாக ஏறும். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் இறங்கும். மெஷின் அச்சடித்துக் கொடுத்துவிடும். பயிற்சி பெற்றவர் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்ததும் ரிப்போர்ட்டை நிறுத்தி, மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். பயிற்சி இல்லாதவர் அனுப்பிவிடுவார். நன்றாக இருப்பவருக்கு, இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து ஏறும். அந்தக் கட்டிலில் இருப்பது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் அண்ணா.

மதுரை, லேப் டெக்னீசியன்: அக்கா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஊசியில இருந்து வேகமா அழுத்தி ஊத்தினாலே செல் உடைஞ்சு பொட்டாசியம் ஏறிடும். ரத்தத்துல இருந்து பிரிஞ்சு வர்ற சீரம் செவப்பா இருக்குறத கண்ணால பாத்து பழகணும்.

சரியாகச் சொன்னீர்கள். இதை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது.

சேலம்: சரி, அப்ப காசில்லாதவன் என்ன பண்றது? அதச் சொல்லுங்க.

நியாயமான கேள்வி. பிளஸ் டூவில் உயிரியல் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரிகளின் சான்றிதழ், பட்டயப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவு. பகலில் போக வேண்டும் என்பதுதான் கஷ்டம். வேலையை விடவே முடியாது என்றால் லேப் ஆசையை வைத்துவிட்டு, பில்லிங், மருத்துவப் பதிவேடு, கோடிங் பக்கம் வாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். அதில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு 1,000 ரூபாய். அது வேலைக்கான உரிமம் ஆகாது, அடிப்படைக்கு உதவும்.

நாமக்கல்: மேடம், டிஎம்எல்டி கரஸ்ல பண்ணலாமா?

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கரூர்: எக்ஸ்ரே டெக்னீசியன் ஆன்லைன்ல இருக்கா?

இல்லை. கதிர்வீச்சோடு வேலை, நேரில்தான் கற்க வேண்டும்.

பெயர் வேண்டாம்: ஓடி டெக்னீசியன் தபால்ல...

அறுவை அரங்கைத் தபாலில் அனுப்ப முடியாது. தொடும் வேலை எதையும் இனி இங்கே கேட்காதீர்கள்.

விருதுநகர்: அக்கா, நான் ஏற்கெனவே போஸ்டல் டிஎம்எல்டிக்கு 5,000 அட்வான்ஸ் கட்டிட்டேன். ரசீது இருக்கு. இன்னும் புக்கே வரல. திரும்பக் கேட்டா தருவாங்களா?

கேளுங்கள், ஆனால் போனில் வேண்டாம். “இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ், எந்த கவுன்சிலில் பதிவாகும்? ஆவணம் அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள்” என்று மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அசல் ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் போதும். மீதித் தொகைக்கு அவர்கள் நெருக்கினாலும் கட்ட வேண்டாம்மா.