கிளிக் கைப்பிடி ஜக் என்ன விலை பெறும்?

கே: இணையத்தில் மஞ்சள் நிறப் பீங்கான் ஜக் ஒன்று 280 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. கைப்பிடி கிளி உருவில் உள்ளது. ‘நூறு ஆண்டுக்கு மேல் பழையது’ என்கிறார் விற்பவர். அடியில் ‘பர்லே, மேட் இன் இங்கிலாந்து’ என்ற முத்திரை. மேலெல்லாம் மெல்லிய கோடுகள். வாங்கலாமா? (வாசகி, தெம்பனிஸ்)

ப: முதலில் அந்த ‘நூறு ஆண்டு’ கதையை ஒதுக்கிவிடுங்கள். 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிப்பது பரவலானது. ‘மேட் இன்’ என்று சேர்த்தெழுதுவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு வழக்கம். கிளி, மீன்கொத்தி, அணில் கைப்பிடி வைத்த, பர்லே என்ற ஆங்கிலேயப் பீங்கான் தயாரிப்பாளரின் இந்த மஞ்சள் ஜக்குகள் 1930களில் புகழ்பெற்றவை. பின்னாளில் மறுபதிப்புகளும் வந்தன. அடியில் ‘ஆர்டி நம்பர்’ (Rd No) என்று ஓர் எண் இருந்தால் அது வடிவமைப்பைப் பதிவுசெய்த எண். அந்த வரிசை 1884இல் தொடங்கி 1900வாக்கில் 351,000ஐத் தாண்டியது. பதிவான ஆண்டைத்தான் அது சொல்லும்; உங்கள் ஜக் பல ஆண்டு கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம்.

பணம் கொடுக்குமுன் நேரில் பாருங்கள். ஜக்கைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். புழங்கித் தேய்ந்ததில் கீறல்கள் கண்டபடி எல்லாத் திசையிலும், மேடான இடங்களில் மட்டும் இருக்கும். ஒரே திசையில் இணையாக ஓடினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கிளியின் சிறகுகளையும் கவனியுங்கள். அசல் ஜக்கிலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகலில் இறகின் கோடுகள் மழுங்கியிருக்கும். களிமண் காய்ந்து வேகும்போது சுருங்குவதால் உயரமும் அசலைவிடச் சற்றுக் குறையும். ஆகவே அளவுநாடாவை மறக்க வேண்டாம்.

மெல்லிய கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மேற்பூச்சும் உள்மண்ணும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது அது. கறை ஏறாதவரை விலை பெரிதாகக் குறையாது. கறை திட்டுத்திட்டாக இல்லாமல் எங்கும் சீராகப் பழுப்பேறியிருந்தால்தான், பழையதாகக் காட்டச் செய்த வேலையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

விலையைத் தின்பது கைப்பிடிதான். அதன் மேல், கீழ் இணைப்புகளில் விரல் நகத்தை ஓட்டுங்கள். ஒட்டி வர்ணம் பூசிய இடம் மென்மையாக, சற்றே வெதுவெதுப்பாகத் தட்டுப்படும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் அந்த இடம் மற்ற பரப்பிலிருந்து வேறாக ஒளிரும். தட்டி ஓசை கேட்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். மண்பாண்ட வகை ஜக் விரிசல் இல்லாவிட்டாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

280 வெள்ளி நியாயமா என்று அறிய, ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். கேட்கும் விலை எதையும் சொல்லாது, கைமாறிய விலைதான் பேசும். அதே உயரம், அதே கைப்பிடி, அதே நிலையிலுள்ள ஐந்தாறு விற்பனைகளை ஒப்பிடுங்கள். கைப்பிடி ஒட்டப்பட்டதென்றால் அதில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆகும் அஞ்சல் செலவையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பார்த்தால், உள்ளூர் விலை சில சமயம் மலிவாகவே இருக்கும்.

கே: அம்மாவின் பூ வரைந்த ஜக்கில் ‘நிப்பான்’ என்றிருக்கிறது. பழையதா? (வாசகர், ஈசூன்)

ப: முத்திரை உண்மையானால் ஆம். 1891 முதல் 1921 வரை அமெரிக்காவுக்கு அனுப்பிய ஜப்பானியப் பொருளில் அப்படி எழுதினார்கள். பின்னர் ‘ஜப்பான்’ ஆனது. போலி ‘நிப்பான்’ முத்திரைகள் ஏராளம் என்பதால், முத்திரையைவிடப் பொன் வரியையும் தூரிகை வேலையையும் உற்றுப் பாருங்கள்.

கே: பழம்பொருள் கடையில் ‘பழுதில்லாதது’ என்று வாங்கிய ஜக்கின் கைப்பிடி ஒட்டப்பட்டதெனப் பிறகு தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ (பழுதான பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தரும் சட்டம்) கடைகள் விற்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. பழுதை முன்கூட்டியே சொல்லி விற்றிருந்தால் அதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. ரசீது, விளம்பரத்தின் படம், ஒட்டிய இடத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். கடை மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். தனியாரிடம் வாங்கியதற்கு லெமன் சட்டம் பொருந்தாது. ஆனால் பொய் சொல்லி விற்றிருந்தால் மன்றத்துக்குப் போகலாம்.

கே: இப்படிப்பட்ட பழைய ஜக்கில் மோர் ஊற்றிப் பரிமாறலாமா?

ப: வேண்டாம். பழைய மேற்பூச்சில் ஈயம் இருக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும். பூ வைப்பதென்றாலும் உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளரை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். கோடு விழுந்த பூச்சின் வழியே நீர் உள்மண்ணில் இறங்கிக் கறையாகிவிடும்.