பழைய கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்துக்குச் சும்மா கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. பழையவை ஆறு சும்மா கிடக்கின்றன, ஒரு டிராக்டரும் நிற்கிறது. கம்ப்யூட்டர்களை அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் கேட்கிறார், டிராக்டரைப் பக்கத்து ஊராட்சி கேட்கிறது. ஏலம் விடாமல் கொடுத்தால் வம்பு என்கிறார் எழுத்தர். நான் வார்டு உறுப்பினர். என்ன செய்யலாம்?

பதில்: கொடுக்கலாம். எழுத்தர் பயத்தில் பாதி நியாயம், பாதி குழப்பம். உதவாமல் போனதைக் கண்டம் போட்டு, அதாவது இனி உதவாது என்று எழுதிக் கழித்து, ஏலத்துக்கு அனுப்புவது ஒரு வழி. ஓடுகிற நிலையில் இருந்தும் நமக்குத் தேவைப்படாததை இன்னொரு அரசு அலுவலகத்துக்கு மாற்றிவிடுவது வேறு வழி. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டால்தான் தணிக்கையில் மாட்டுவீர்கள்.

முதலில் தலைமை ஆசிரியரிடம் இன்னது வேண்டும் என்று கடிதம் வாங்குங்கள். அப்புறம் மன்றத் தீர்மானம். அதில் "பழைய கணினிகள் 6" என்று மொட்டையாக எழுதாமல் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் இருப்புப் பதிவேட்டுப் பக்கமும் வரட்டும். செயல் அலுவலர் வழியாகப் பேரூராட்சிகளின் உதவி இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இது எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். அனுமதி வருவதற்குள் எலி ஒயரைக் கடித்து, உபரிப் பொருள் கண்டப் பொருளாகிவிட்ட கதையை நானே பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒருவர் கட்டாயம் வருவார். கையில் ஏதாவது டிரஸ்ட் லெட்டர்பேட் இருக்கும். "சார், நாங்களே சர்வீஸ் பண்ணி ஸ்கூல்ல இறக்கிடறோம்" என்பார். விடாதீர்கள். ஒரு ஊரில் அப்படிப் போன பெட்டிகளைப் பள்ளியில் திறந்தபோது ரேம் மெமரியும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை, தூசி மட்டும் பத்திரமாக இருந்தது. மிச்சமெல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும். அதனால் பேரூராட்சி ஆளே கொண்டுபோய் இறக்க வேண்டும், பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்கத்தின் நகலை அங்கேயே வாங்கிவர வேண்டும். அந்த நகல் இல்லாமல் உங்கள் பதிவேட்டில் கழிக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள், அதில் ஊராருடைய சொத்துவரி விவரமும் ஆதார் நகலும் கிடக்கும். விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பழைய பெட்டிகள் பலவற்றில் 11 ஏறாது, லினக்ஸ் போட்டுக் கொடுப்பது நல்லது.

டிராக்டர்தான் சிக்கல். ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசு வண்டியானாலும் உள்ளாட்சி வண்டியானாலும், பதிவாகி 15 வருடம் ஆகிவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். இன்சூரன்ஸ் ஓடுகிறதே, எஃப்சி இருக்கிறதே, இன்ஜின் புதுசாகப் போட்டோமே என்பதெல்லாம் செல்லாது. சிறப்புப் பணி வண்டிகளுக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது ராணுவம், சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கான வண்டிகளுக்கு, குப்பை இழுக்கும் டிராக்டருக்கு இல்லை. 13 வருட வண்டியா, மாற்றலாம், ஆனால் பக்கத்து ஊராட்சிக்கு அது இரண்டே வருட உறவு, அதை முன்பே சொல்லிவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருந்தால் அதன் தேதியையும் தனியாகப் பாருங்கள். மாற்றுவதானால் படிவம் 29, 30 போட்டு ஆர்சியில் பெயர் மாறிய பிறகே சாவியைக் கொடுங்கள். பெயர் மாறாத வண்டி எங்காவது மோதினால் சம்மன் உங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும்.

எம்எல்ஏ, எம்பி நிதியில் வாங்கியது எதுவாக இருந்தாலும் ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்னொன்று, ஏற்றுகூலி, வண்டி வாடகை யார் தலையில் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லாக் கையெழுத்தும் முடிந்த ஒரு கோப்பு, எண்ணூறு ரூபாய் வாடகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ஆறு மாதம் மேசையிலேயே கிடந்தது.