நெற்றி சுருங்குகிறதா?

கேள்வி: அண்ணிக்கு வாய் இடப்பக்கம் கோணிவிட்டது. டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கவாதம் இல்லை என்றார். எப்படி?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வாய் இழுபடுவது நல்ல பக்கம், செயலிழந்தது வலப்பக்கம். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முகத்தை அசைக்கும் ஏழாம் மண்டை நரம்பே பழுதானால் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று நிற்கும், கண் மூடாது; நாக்கின் முன்பகுதியில் ருசி மங்கலாம், சிறு சத்தமும் காதில் அறையலாம்.

இந்த நரம்புப் பழுதுக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது (சர்க்கரை ஏறும், கவனம்). இரவில் கண்ணுக்குக் களிம்பிட்டு இமையை டேப்பால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கருவிழி வறண்டு புண்ணாகும்.

வீட்டில் நெற்றியை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். திடீரென முகம் கோணினால், அதிலும் கை தளர்ந்தால், பேச்சு குழறினால், உடனே ஆம்புலன்ஸுக்கு 10177.