விட்ட இடம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: மனம் ஒன்றில் நிற்க மாட்டேன் என்கிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே, அதாவது அச்சுப் பிழை திருத்தியே, காலம் தள்ளியவளுக்கு இதில் ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் போலும். சரி, பார்ப்போம்.

அக்கா, கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ஒரு இன்வாய்ஸைத் திறந்தால் அதற்குள் வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு. பார்த்துவிட்டு வந்தால் எந்த வரியில் இருந்தேன் என்றே தெரிவதில்லை. எனக்கு மனக்கட்டுப்பாடு போதாதா?
— வாசகி, பொங்கோல்

மனக்கட்டுப்பாட்டை விடுங்கள்மா. கவனம் சிதறாத ஆளை நான் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற, உளவியல் படித்த தகவலியல் பேராசிரியர் அலுவலக ஊழியர்களைப் பக்கத்தில் இருந்தே கவனித்து ஆராய்ந்தவர். 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பிற்பாடு 47 விநாடிக்கு வந்துவிட்டது என்கிறார். அதிலும் வெளியிலிருந்து யாரும் குறுக்கிடாமல், நாமே எழுந்து போவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதியாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது "எந்த வரியில் இருந்தேன்" என்பதுதான். போனதைவிடத் திரும்பி வந்து தேடுவதில்தான் உங்கள் நேரம் கரைகிறது. மெய்ப்பு மேசையில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யார் கூப்பிட்டாலும் உடனே தலை நிமிரக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் மனதில் இருந்த சந்தேகம் இரண்டே சொல்லில்: "ண-வா ன-வா? அகராதி." அதற்கப்புறம்தான் "என்ன?" என்று கேட்பது. ஆசிரியரே வந்து நின்றாலும் அப்படித்தான். இது என்ன மரியாதை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

இதையே சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் பிற்பாடு சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009-இல் எழுதினார். எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்பதைக் குறித்துவிட்டுப் போனால் அந்த ஒட்டல் குறைகிறது என்பது 2018-இல் வந்த அவருடைய ஆய்வு.

ஆகவே மேசையில் ஒரு காகிதம் போடுங்கள். "14ஆம் வரி. 9% ஜிஎஸ்டி கூட்டல் சரிபார்." இவ்வளவு போதும். காகிதத்தில்தான் எழுத வேண்டும். குறிப்பெழுதக் கைப்பேசியை எடுத்தால் கதை கந்தல். கைப்பேசி சமையலறையில் இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் குடும்பக் குழு. இந்தியாவில் ஊர் நேரம் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே சித்தப்பாக்கள் காலை ஏழரைக்கு ரோஜாப்பூ வணக்கம் அனுப்பத் தொடங்கும்போது இங்கே மணி பத்து, வேலை சூடுபிடிக்கும் நேரம். மதியச் சாப்பாடு வரை குழுவின் வாயை அடைத்து வையுங்கள். நிஜமாகவே அவசரமென்றால் கூப்பிடுவார்கள்.

சகோதரி, நான் பாதுகாவல் அதிகாரி. இரவு 7 முதல் காலை 7 வரை பணி. கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விழித்துத்தான் இருக்கிறேன், ஆனால் பார்த்தது எதுவும் மனதில் பதிவதில்லை. வயதுதான் காரணமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

வயதின் மேல் பழி போடாதீர்கள் அண்ணே. இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்த்த பிரிட்டிஷ் இளைஞர்களுக்கும் இதே சங்கடம்தான். நார்மன் மேக்வொர்த் என்பவர் அவர்களுக்காக ஒரு சோதனை வைத்தார். கடிகார முள் போல ஒன்று குதித்துக் குதித்து நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைக் குதி குதிக்கும். அதைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்திலேயே பலர் தவறவிடத் தொடங்கிவிட்டார்கள். 1948-இல் வெளியான ஆய்வு இது. அரிதாக வரும் ஒன்றுக்காகக் கண்ணை நட்டு வைத்திருப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றினாலும், ஆளை உறிஞ்சும் வேலை.

கூட ஒருவர் இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை திரையையும் சுற்று நடையையும் மாற்றிக்கொள்ள மேலாளரிடம் கேளுங்கள். தனியாள் என்றால், ஒவ்வொரு திரையிலும் தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பின்வாசல், கதவு மூடியிருக்கிறது. மின்தூக்கி, யாருமில்லை." எங்கள் மேசையிலும் ஒருவர் காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சேர்த்து உரக்கப் படிப்பார், மற்றவர் தாளைப் பார்ப்பார். வாய் நின்றதும் கண் தூங்கப்போகிறது என்று தெரிந்துவிடும். கோப்பியை முன்னிரவிலேயே முடித்துவிடுங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை நான்கு மணிக்குக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் பகல் தூக்கம் போச்சு.

மகன் தொடக்கநிலை 6. பிஎஸ்எல்இ தேர்வு வருகிறது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்கிறான்.
— தந்தை, செங்காங்

நீங்கள் உட்காருவீர்களா? பள்ளி, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து வந்த பிள்ளை. இருபது, இருபத்தைந்து நிமிடம் படிக்கட்டும். ஐந்து நிமிடம் எழுந்து நடக்கட்டும். இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தை வைத்து இப்படித்தான் படித்தார். இந்த வயதுக்குக் குறைந்தது ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். முதலில் அதை எண்ணிப் பாருங்கள். பள்ளியிலும் வீட்டிலும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால், திட்டுவதை நிறுத்திவிட்டுப் பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசுங்கள்.

ஒலி 96.8 வானொலி கேட்டுக்கொண்டே படித்தால் தப்பா?
— மாணவி, ஈசூன்

கணக்குப் போடும்போது கேட்டுக்கொள். தமிழ்ப் பாடம் படிக்கும்போது அணைத்துவிடு. பாட்டின் சொல்லும் புத்தகத்தின் சொல்லும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்.

செய்குத்தம்பி பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயத்தைக் கவனித்தாரே! நாம் இரண்டைக் கூடக் கவனிக்கக் கூடாதா?
— வாசகர், ஜூரோங்

1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது நூறு விஷயத்தை ஒருசேரக் கவனிக்கும் கலை, செய்து காட்டிய புலவர் அவர். அவதானத்தில் முதுகில் விழும் கல்லை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா கட்ட வேண்டும். நூறையும் ஒரே நொடியில் பிடித்து வைத்திருப்பதாகத் தோன்றும். என் கணிப்பு வேறு: ஒன்றை விட்ட இடத்தில் அப்படியே நிறுத்தி, அடுத்ததைத் தொட்டு, மறுபடி வந்து சரியாக அதே இடத்தில் எடுப்பது. பாவலருக்கு அதற்குக் காகிதமும் பென்சிலும் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

வல்லாரை சாப்பிட்டால் மகளுக்குக் கவனம் கூடுமா?
— வாசகி, தெம்பனிஸ்

என் அம்மாவும் அப்படி நம்பித்தான் கொடுத்தார். கூடும் என்று உறுதியாகச் சொல்ல இதுவரை நடந்த சோதனைகள் போதாது. தேக்காவில் இளசாகக் கிடைத்தால் தேங்காயும் வறுத்த உளுந்தும் சேர்த்துத் துவையலாக அரையுங்கள். கசப்பு தெரியாமலிருக்கப் புளி கொஞ்சம் தூக்கலாக.