எச்டிவி கேசட்டை லேப்டாப்பில் ஏற்றுவது – பதில்

வணக்கம் நண்பரே. தங்கை கல்யாண எச்டிவி (HDV, நாடாவில் எச்டி தரப் படம் பதியும் முறை) கேசட்டுகளை ஏற்ற யுஎஸ்பி–ஃபயர்வயர் கேபிள் (ஃபயர்வயர் என்பது கேமராவிலிருந்து படத்தை அனுப்பும் இணைப்பு) வாங்கியும் லேப்டாப் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கேமரா மேல் தவறில்லை. அந்த மலிவுக் கேபிள் கம்பிகளை இணைக்கிறதே தவிர, ஃபயர்வயர் பேசும் மொழியை யுஎஸ்பிக்கு மாற்றும் சிப் அதில் இல்லை. நானும் ஒன்று வாங்கி ஏமாந்தேன். தயவுசெய்து இன்னொன்று வாங்காதீர்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிள் வழியாகவும் ஏற்ற வேண்டாம், எச்டி போய்விடும்.

பக்கவாட்டில் 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) என்று போட்ட சிறிய துளை உள்ள பழைய லேப்டாப் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஏற்ற அதுவே போதும், எடிட்டிங்கைப் புது லேப்டாப்பில் செய்துகொள்ளலாம். எச்டிவி நொடிக்கு 25 மெகாபிட்தான். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிபி, சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க்கே தாங்கும்.

சோனி கேமரா என்றால் மெனுவில் ஐ.லிங்க் (ஃபயர்வயருக்குச் சோனி வைத்த பெயர்) கன்வர்ட் ஆஃபில் இருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால் எச்டியைச் சாதாரண தர டிவி (DV) படமாக மாற்றித்தான் அனுப்பும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம், கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிடுங்கள். எச்டிவியில் 12 ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) கொண்ட ஒவ்வொரு தொகுதியிலும் அவை ஒன்றையொன்று சார்ந்தவை. நாடாவில் ஒரு புள்ளி கெட்டாலும் அரை நொடிப் படம் உறைந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் அப்படி ஆனால் கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.