களைத்த டி செல்லும் பாலக்கோட்டு மாடும்: கேள்வி பதில்

தருமபுரி: டி செல் "களைத்துவிட்டது" என்றால் செத்துவிட்டதா?
சாகவில்லை. டி செல் என்பது கிருமி பிடித்த செல்லையும் புற்றுச்செல்லையும் அடிக்கிற ரத்த வெள்ளையணு. பெங்களூரு ஆய்வகத்தில் ஒரே தட்டில் உள்ள டி செல்லின் மேல் இரண்டு நாளைக்கு ஒருமுறை புற்றுச்செல்லைக் கொட்டிக்கொண்டே இருப்போம். முதல் தடவை தட்டு துடைத்துவைத்த மாதிரி இருக்கும், நாலாவது தடவை புற்றுச்செல் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே டி செல் சும்மா உருண்டு கிடக்கும். அதன் மேல் பிடி-1 என்கிற பிரேக் ஏறியிருக்கும். 2006இல் உஸ்மானியாவில் படித்த ரஃபி அகமதுவின் குழு, நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலியில் அந்தப் பிரேக்கைத் தடுத்தது, செல் மறுபடி வேலை செய்தது. புற்றுநோய்க்குப் போடும் நிவோலுமாப் ஊசியும் அந்தப் பிரேக்கைத்தான் தடுக்கிறது.

காவேரிப்பட்டணம்: அம்மாவுக்கு ஊசி கேட்கவில்லை, ஏன்?
ரிப்போர்ட் பார்க்காமல் சொல்ல முடியாது. பொதுவாக, களைத்ததிலும் இளசு உண்டு, முற்றியது உண்டு. டிசிஎஃப்-1 புரதம் உள்ள இளசுதான் ஊசிக்கு எழுந்து பெருகும்.

ஓசூர்: எதிர்ப்பு சக்திப் பொடி கொடுக்கலாமா?
களைத்த செல் பொடிக்கு எழாது. எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பாலக்கோடு: களைத்த மாட்டை நுகத்திலிருந்து அவிழ்க்காமல் பிரேக்கை எடுக்கிறேன் என்றால் எப்படிங்க?
அண்ணா, நல்லாக் கேட்டீர்கள். பிரேக்கை எடுத்தாலும் களைப்பின் வடு மரபணுவின் மேல் அப்படியே இருக்கிறது, அதனால் எழுந்த செல் மறுபடி படுத்துவிடுகிறது. 2021இல் கார்-டி செல்லுக்கு, அதாவது புற்றுச்செல்லை அடையாளம் காணும்படி மரபணு மாற்றிய டி செல்லுக்கு, உண்மையிலேயே ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் மாத்திரையான டாசாடினிப் அதன் சமிக்ஞையைக் கொஞ்ச நாள் அணைத்துவைத்தது. திரும்ப விட்டபோது வடுவே பெரும்பாலும் மாறியிருந்தது.

ஓசூர்: அதுவரை கட்டி சும்மா இருக்குமா?
இருக்காது, அதுதான் சிக்கல். அதெல்லாம் ஆய்வகத்திலும் எலியிலும் நடந்தது. யாரும் அந்த மாத்திரையை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாலக்கோடு: ஜோடி மாடு இருந்தால் ஒன்றை மாற்றிக் கட்டலாமே?
உங்களை ஆய்வகத்துக்கே கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. நேரத்துக்குத் தானே அணைந்து எரிகிற கார்-டி வேண்டும் என்று அதைத்தான் முயல்கிறார்கள்.

ஊத்தங்கரை: இந்த விலைக்கு எங்கே போவது?
மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமான அளவைவிட மிகக் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பென்னாகரம்: கஷாயம்?
மேலே ஓசூருக்குச் சொன்னதேதான். ஊசிக்குப் பிறகு வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள், பிரேக் விட்ட செல் சொந்த உடம்பையும் அடிக்கும்.